பிழிந்தபின் அலசுவோம்

வீட்டுச் சலவையில் நீர்ச் சிக்கனமும் மின் சிக்கனமும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் மொழி. வறுமையிலும் தூய்மை குன்றலாகாது என்பது அதன் பொருள் என யாவரும் அறிவர். ஆனால் அம்மொழியிலுள்ள வினைச்சொல்லை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. ‘கசக்கு’ என்றார்களேயன்றி, ‘தண்ணீரைக் கொட்டு’ என்று அவர்கள் சொல்லவில்லை. அழுக்கை நீக்குவது கையின் உழைப்பும், ஊறும் நேரமும், அளவான சோப்புமே. நீர் அந்த அழுக்கைச் சுமந்து செல்லும் வாகனம் மட்டுமே. வீட்டுக்கு வீடு குழாயும், வாசலில் ஆழ்துளைக் கிணறும், மூலையில் சலவை இயந்திரமும் வந்துவிட்ட இக்காலத்தில், நீரே அனைத்தையும் செய்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவிவிட்டது. அதனால் நீரும் வீணாகிறது. அந்நீரை ஏற்றவும் சூடாக்கவும் செலவாகும் மின்சாரமும் வீணாகிறது.

துணியை நெய்கின்றவரும், நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்கின்றவரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் கூட்டுறவுக்கு இப்பொருள் மிகவும் உரியது. ஒருவர் ஆக்கிய துணியை மற்றவர் காக்கும் நீரில் துவைக்கிறோம். ஆகவே வீட்டுச் சலவையைப் பற்றிச் சில கணக்குகளையும், அவற்றிலிருந்து பிறக்கும் சில முறைகளையும் அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

நீரும் விசையும் ஒரே மலையிலிருந்து

விக்கிரமசிங்கபுரத்தாருக்கு நீரையும் மின்சாரத்தையும் இரு வேறு பொருள்களாக எண்ணுவதற்கு இடமில்லை. பொதிகை மலையிலிருந்து இறங்கிப் பாபநாசத்தில் சமவெளியை அடையும் தாமிரபரணியின் வீழ்ச்சியையே விசையாகக் கொண்டு, 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூல் ஆலையை நிறுவினார்கள். பஞ்சை நூலாக்கிய சக்கரங்களை அன்று சுழற்றியது ஆற்று நீரே. பின்னர் 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 143 அடி உயரம் நீர் தேக்கும் பாபநாசம் மேலணை, 1980-களில் அதற்குத் துணையாக எழுந்த சேர்வலாறு அணை, 1950-களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணை ஆகிய மூன்றும் இப்பள்ளத்தாக்கின் நீர்க்களஞ்சியங்கள்.

மின் நிலையத்தில் விசை கொடுத்த நீர் அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை. அது கோடைமேலழகியான் அணைக்கட்டு முதல் திருவைகுண்டம் அணைக்கட்டு வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளால் கால்வாய்களில் பிரிந்து, கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கும் உயிரளித்து, வழி நெடுக ஊர்களின் குடிநீராகி, எஞ்சியது புன்னைக்காயல் அருகே கடலை அடைகிறது. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு சிற்றாறு இத்தனை கடமைகளைச் செய்கிறது. நாம் இருப்பதோ அதன் தலைமாட்டில். தலைமாட்டில் இருப்பவர் கலக்கிய நீரைக் கால்மாட்டில் இருப்பவர் குடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் மேலே சொல்லப்போகும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

மிகைப்படுத்தாத கணக்கு

சிக்கனம் பேசுவோர் பலர் எண்களைப் பெருக்கிக் காட்டி அச்சுறுத்துவது வழக்கம். அங்கத்தினர் கணக்கறிந்தவர்கள், அவர்களிடம் உள்ளதை உள்ளபடியே சொல்வதே நேர்மை.

மேற்புறம் துணியிடும் முழுத் தானியங்கிச் சலவை இயந்திரம், ஒரு முறை ஓடி முடிப்பதற்குள் அதன் அளவுக்கும் அமைப்புக்கும் ஏற்ப 100 முதல் 150 லிட்டர் வரை நீர் கொள்ளும். முன்புறம் துணியிடும் வகைக்கு ஏறத்தாழ அதில் பாதி போதும். குழாயைத் திறந்துவிட்டபடியே கையால் துவைப்பவர் இயந்திரத்தையும் மிஞ்சிவிடுவார். ஏனெனில் நிமிடத்துக்கு 8 லிட்டர் சொரியும் குழாய் 20 நிமிடத்தில் 160 லிட்டரை இறைத்துவிடும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளில் ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வரையறுத்தது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 220 லிட்டர். அதில் 150 லிட்டர் சலவைக்கே போய்விட்டால் சமையலுக்கும் குளிப்பதற்கும் எஞ்சுவது எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். 2018-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் அணைகள் வற்றியபோது, ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோடையில் நம் தலைநகராகிய சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுசெல்ல நேர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு குடும்பம் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 150 லிட்டர் செலவிட்டுத் துவைப்பதாகக் கொள்வோம். அதில் பாதியை மிச்சப்படுத்தினால் ஆண்டுக்கு 11,700 லிட்டர் மிச்சம். 500 குடும்பங்கள் அவ்வாறு செய்தால் ஆண்டுக்கு 58 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றுகிறது. ஆனால் ஓர் ஏக்கர் நெல் ஒரு போகத்தில் ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் நீர் கொள்கிறது என்பதை நம் விவசாய அங்கத்தினர் அறிவர். 500 குடும்பங்கள் ஓராண்டு முழுவதும் மிச்சப்படுத்தும் நீர், ஓர் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நெற்பயிருக்கே காணும்!

அப்படியானால் வீட்டில் சிக்கனம் எதற்கு என்ற கேள்வி எழலாம். அதற்கு விடை உண்டு. வயலுக்குப் பாயும் நீர் மடை திறந்தால் தானே வருவது. வீட்டுக் குழாயில் வருவது ஆற்றிலிருந்து எடுத்து, வடித்து, மருந்திட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, குழாய் பதித்துக் கொண்டுவரப்பட்ட குடிநீர். இரண்டும் ஒரே ஆற்று நீராயினும் இரண்டின் விலையும் ஒன்றல்ல. கோடையில் அணை வறளும்போது இந்தக் குழாய் நீருக்கும் தட்டுப்பாடு நேரும். அன்றியும், வீட்டுக்குள் வரும் சலவை நீர் வெளியே போகும்போது சோப்போடு போகிறது. ஆகவே சலவைச் சிக்கனத்தின் முதற்பயன் மின்சாரத்திலும், ஆற்றின் தூய்மையிலும், கோடைக்காலத்துக் குடிநீரிலும் தெரியும். வயலுக்கு மிஞ்சும் நீர் அதற்கு அடுத்த பயனே.

அலசுவதில் உள்ள சூட்சுமம்

சலவையில் நீர் பெரிதும் செலவாவது துவைக்கும்போதன்று, அலசும்போது. சோப்பு நுரை போகவில்லையே என்று மேலும் மேலும் நீரை ஊற்றுகிறோம். ஒரு சிறு கணக்கால் இச்செலவைப் பாதியாக்கலாம். அக்கணக்கை நம் வீடுகளில் உள்ள பெண்மணிகளும், பள்ளியில் பின்னம் பயிலும் சிறுவர் சிறுமியரும் சேர்ந்து போட்டுப் பார்ப்பது நலம்.

மூன்று கிலோ துணியைத் துவைத்து நன்றாகப் பிழிந்தால் அதில் சுமார் 3 லிட்டர் சோப்பு நீர் தங்கியிருக்கும். இத்துணியை 27 லிட்டர் நீரில் ஒரே முறையாக அமிழ்த்தி அலசுவோம். 3 லிட்டரும் 27 லிட்டரும் கலந்து 30 லிட்டர் ஆகின்றன. மீண்டும் பிழிந்தால் துணியில் நிற்பது அந்த 30-இல் 3 லிட்டர். எனவே முன்பிருந்த சோப்பில் பத்தில் ஒரு பங்கு துணியிலேயே தங்கிவிடுகிறது.

அதே 27 லிட்டரை மூன்றாகப் பிரித்து, முறைக்கு 9 லிட்டராக மூன்று முறை அலசுவோம். ஒவ்வொரு முறைக்கும் இடையே பிழிந்துவிடுவோம். முதல் முறையில் 12-க்கு 3, அதாவது நாலில் ஒரு பங்கு சோப்பு மிஞ்சும். இரண்டாம் முறையில் அதிலும் நாலில் ஒரு பங்கு. ஆகவே பதினாறில் ஒரு பங்கு. மூன்றாம் முறையின் முடிவில் அறுபத்து நாலில் ஒரு பங்கு மட்டுமே. நீரின் அளவு மாறவில்லை. தூய்மையோ ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இனி, பிழியாமல் சொட்டச் சொட்ட எடுத்து அலசுபவரின் கணக்கைப் பார்ப்போம். பிழியாத துணியில் 6 லிட்டர் தங்குவதாகக் கொண்டால், 9 லிட்டராக மூன்று முறை அலசிய பிறகும் பதினாறில் ஒரு பங்கு சோப்பு மிஞ்சுகிறது. தொடக்கத்திலேயே அத்துணியில் இரு மடங்கு சோப்பு நீர் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. பிழிந்து அலசுபவரோ இரண்டே முறையில், 18 லிட்டரிலேயே இந்நிலையைத் தாண்டிவிடுகிறார்.

ஆக, விதி மிக எளியது: பிழிந்தபின் அலசுக, நிறைய நீரில் ஒரு முறை அலசுவதைவிடக் கொஞ்சம் நீரில் பலமுறை அலசுக. இது நெசவாளர்களுக்குப் புதிதன்று. சாயமிட்ட சிட்டா நூலைக் கோலில் மாட்டி முறுக்கிப் பிழிந்த பிறகே அடுத்த நீரில் இடுவது சாயத்தொழிலின் வழக்கம். பட்டறையில் கைவந்த அந்த முறையை நாம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் கொண்டுவர வேண்டும்.

இதனுடன் இன்னொன்றும் சேரும். கடைசியாக அலசிய நீரில் சோப்பு மிகமிகக் குறைவு. அந்நீரைச் சாக்கடையில் கொட்டாமல் அடுத்த தவணைத் துணியை ஊறவைக்கவோ, முதல் முறை அலசவோ பயன்படுத்தலாம். அதேபோல ஒருமுறை கலக்கிய சோப்பு நீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து வெளிர் நிறத் துணி, கடைசியில் கால் மிதியும் வேலைத்துணியும் என்று வரிசையாகத் துவைக்கலாம். ஜப்பான் நாட்டில் குளியல் தொட்டியில் எஞ்சிய நீரைச் சலவை இயந்திரத்துக்கு இறைத்துப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கென்றே குழாய் பொருத்திய இயந்திரங்கள் அங்கே விற்பனையாகின்றன. செல்வத்தில் மேம்பட்ட நாட்டவர் இதை இழிவாகக் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

போர்வை, சமுக்காளம் போன்ற கனத்த துணிகளை ஒருவரால் பிழிய இயலாது. இவ்வேலையின் சுமை பெரும்பாலும் பெண்கள் தோளிலேயே விழுகிறது. சிக்கனம் என்ற பெயரால் அச்சுமையை இன்னும் கூட்டுவது நீதியாகாது. துணியின் ஒரு முனையை ஆண்மக்களும் பிடித்து முறுக்க வேண்டும். அதில் குறைவொன்றும் இல்லை.

சோப்பின் அளவு

நுரை மிகுந்தால் துணி மிகுதியாக வெளுக்கும் என்பது தவறான எண்ணம். அழுக்கைப் பற்றும் அளவுக்குமேல் இட்ட சோப்பு துணிக்கு உதவாது. அதைப் போக்க மேலும் இரு வாளி நீர் செலவாகும் என்பதே கண்ட பலன். சோப்பை மிகுத்தவர் நீரையும் மிகுத்தே ஆக வேண்டும்.

நீரின் தன்மையும் அறிய வேண்டியது. பொதிகையின் கடும்பாறைகளில் வழிந்து வரும் ஆற்று நீர் மென்மையானது. சிறிது சோப்புக்கே நன்கு நுரைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்திருப்பின் அவை சோப்போடு சேர்ந்து வெண்ணிறத் திரியாகப் படிந்துவிடும். சோப்பின் ஒரு பகுதி அழுக்கைத் தொடுவதற்கு முன்பே வீணாகும். உப்பு நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் துவைப்பதற்கு மழை நீரைச் சேமித்து வைப்பது சாலச் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் ஓட்டிலிருந்து வழியும் நீரை, முதல் மழையை விட்டுவிட்டுத் தொட்டியில் பிடித்தால் பல நாட்களின் சலவைக்கு உதவும்.

கழுத்துப்பட்டை, கைமடிப்பு, வேட்டியின் கரை ஆகிய இடங்களில் மட்டும் சோப்பை நேரே தேய்த்துவிட்டு, மற்றப் பகுதியை வெறும் சோப்பு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் பாதி வேலை தானே முடிந்துவிடும். ஊறும் நேரம் செலவில்லாத வேலையாள்.

மின்சாரம் எங்கே போகிறது?

முதலில் நீரேற்றம். 1,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, எவ்வித இழப்பும் இல்லாவிடினும், சுமார் 0.08 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தால் அது ஏறக்குறைய கால் யூனிட் ஆகிவிடும். நீர் மட்டம் கீழே போகப் போக இச்செலவும் ஏறும். எனவே சிந்தாத ஒவ்வொரு வாளி நீரும் சேமித்த மின்சாரமே.

இரண்டாவது வெந்நீர். இதுவே மிகப்பெரிய செலவு. 20 லிட்டர் நீரை 30 பாகை வெப்பத்திலிருந்து 60 பாகைக்கு ஏற்றச் சுமார் 0.7 யூனிட் செலவாகும். குளிர்ந்த நீரில் ஓர் இயந்திரம் துணியைச் சுழற்றித் துவைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். குளிர்நாடுகளில் வெந்நீரிலேயே துவைத்துப் பழகியவர்களும் இப்போது குளிர்ந்த நீருக்கு மாறி வருகின்றனர். இயற்கையாகவே வெதுவெதுப்பான நீர் கிடைக்கும் நம் நாட்டில், அன்றாடத் துணிக்கு வெந்நீர் தேவையே இல்லை. நோயாளியின் படுக்கைத்துணி, குழந்தையின் துணி, எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுக்களைத் துணி ஆகியவற்றுக்கு மட்டும் வெந்நீரை வைத்துக்கொள்வது போதும். அதற்கும் காலையில் ஓர் அண்டா நீரை வெயிலில் மூடி வைத்தால், பிறகு அடுப்புக்கு வேண்டிய விறகோ மின்சாரமோ குறையும்.

மூன்றாவது இயந்திரம். அதை நிறையத் துணியிட்டு ஓட்டுவது முதல் விதி. நாலு துணிக்காக ஓட்டினாலும் பல இயந்திரங்கள் ஏறக்குறைய அதே நீரையும் நேரத்தையும் கொள்ளும். அதற்காகத் திணிக்கவும் கூடாது; துணி புரள இடம் வேண்டும். துவைக்கும் தொட்டியும் பிழியும் தொட்டியும் தனித்தனியே உள்ள அரைத் தானியங்கி வகையில், சோப்பு நீரை மீண்டும் பயன்படுத்துவதும், இடையிடையே பிழிந்து அலசுவதும் நம் கையிலேயே இருக்கின்றன. முன்னர் சொன்ன மூன்று முறைக் கணக்கை அதில் அப்படியே கடைப்பிடிக்கலாம். புதிதாக வாங்குவோர் விலையை மட்டும் பாராது, மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரையையும், ஒரு தவணைக்கு எத்தனை லிட்டர் நீர் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது உலர்த்துதலும் தேய்த்தலும். வெயிலும் காற்றும் வஞ்சனையின்றிக் கிடைக்கும் நம் ஊரில் துணி உலர்த்த மின்சாரம் செலவிடுவது பெரும் அறியாமை. கொடியில் போடும்போதே துணியை உதறி, சுருக்கம் நீவி, மடிப்பைச் சீராக்கிப் போட்டால் பெரும்பாலான வீட்டுத் துணிகளுக்குத் தேய்ப்புப்பெட்டியே வேண்டாம். 750 முதல் 1,000 வாட் வரை கொள்ளும் மின் தேய்ப்புப்பெட்டி, ஓடும் ஒரு மணிக்கு முக்கால் யூனிட் முதல் ஒரு யூனிட் வரை கொள்ளக்கூடும். தினம் ஒரு சட்டைக்காகச் சூடேற்றாமல், வாரத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேய்ப்பது நலம். சிறிது ஈரம் இருக்கும்போதே பருத்தியைத் தேய்த்து முடித்து, விசையை நிறுத்திய பின் பெட்டியில் எஞ்சிய சூட்டிலேயே மெல்லிய செயற்கை இழைத் துணிகளைத் தேய்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. கைத்தறி நெசவாளர்களுக்கான சலுகை 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. இலவசம்தானே என்று செலவிடுவது முறையன்று. நமக்குக் கட்டணமில்லாத யூனிட்டுக்கும் எங்கோ ஓரிடத்தில் நிலக்கரி எரிகிறது. அதன் விலையைப் பொதுப்பணம் செலுத்துகிறது. அன்றியும், சலவையில் சேமித்த யூனிட் இரவுத் தறி வேலைக்கு விளக்காகும் என்பதை நெசவாளர் உணர்வர்.

வெள்ளாவி காட்டும் வழி

நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்தவர்கள் கையாண்ட வெள்ளாவி முறையை அறிவியல் கண்கொண்டு பார்த்தால் வியப்பே தோன்றும். துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, அடியில் கொஞ்சம் நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் இரவு முழுவதும் வேகவைப்பார்கள். உவர்மண்ணிலுள்ள சோடா உப்பு எண்ணெய்ப் பசையைக் கரைத்து இளக்கும். ஆவி துணியின் இழைகளுக்குள் புகுந்து குளிர்ந்து நீராகும்போது தன்னுள் அடங்கிய வெப்பம் முழுவதையும் அங்கேயே விட்டுவிடும். அண்டா அண்டாவாக நீரைச் சூடாக்காமல் ஒரு பானை நீரின் ஆவியைக் கொண்டே மூட்டை மூட்டையாகத் துணியை வேகவைப்பது எத்தனை பெரிய எரிபொருள் சிக்கனம்! அதுவும் பல வீட்டுத் துணிகளுக்கு ஒரே அடுப்பு. கூட்டாகச் செய்தால் செலவு குறையும் என்ற கூட்டுறவுத் தத்துவத்தை, அப்பெயர் ஏற்படுவதற்கு முன்பே அத்தொழிலாளர்கள் நடத்திக் காட்டினார்கள். அவர்களுக்கு உரிய மதிப்பை நம் சமூகம் அளிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

கைத்தறித் துணியைக் காத்தல்

வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி முதலிய ஊர்களின் தறிகளில் நெய்த துணியை வாங்குவோர், அதைத் துவைக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டுத் துணியைக் குறை கூறுவதுண்டு. பாவில் ஏற்றிய கஞ்சி புதுத்துணியில் இருக்கும். முதன்முறை சோப்பின்றி, குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைத்து அலசினால் கஞ்சியும், இழையில் பற்றாத மிகுதிச் சாயமும் இறங்கிவிடும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் இடுவதும், கல்லில் ஓங்கி அடிப்பதும் கூடா. நிறத்துணியை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். பட்டுக்குப் பூந்திக்கொட்டை நீரே போதும்.

ஒரு வேளை உடுத்திக் களைந்த சேலையையும் மேல்துண்டையும் ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டுமென்பதில்லை. வியர்வை படாதவற்றைக் காற்றாடக் கொடியில் போட்டு எடுத்தால் போதும். உடலை ஒட்டிய துணிகளை நாள்தோறும் துவைப்பதும், மற்றவற்றைத் தேவை பார்த்துத் துவைப்பதும் நலம். குறைவாகத் துவைத்த துணி நீண்ட நாள் உழைக்கும். நெசவாளியின் உழைப்புக்கு அதுவே உண்மையான மதிப்பு.

சோப்பு நீர் எங்கே போய்ச் சேர்கிறது?

இங்கேதான் நெசவாளரும் விவசாயியும் ஒன்றாக நின்று சிந்திக்க வேண்டும். சில சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட்டு நீர்நிலைகளில் பாசிக்கும் களைக்கும் உரமாகிறது. ஊர்களின் கழிவுநீர் சேரும் இடங்களில் கால்வாயை அடைத்து வளரும் அமலைச் செடிக்கு இத்தகைய சத்துக்களே ஊட்டம் தருகின்றன. மடை அடைபட்டால் கடைமடைக்கு நீர் போகாது. ஆண்டுதோறும் செடியை வாரி எறிவதற்குச் செலவிடும் பணத்தில், நம் வீட்டுச் சலவைத்தூளின் பங்கும் உண்டு.

கொங்கு நாட்டில் நொய்யல் ஆறு பட்ட பாடு அனைவருக்கும் எச்சரிக்கையாகும். திருப்பூரின் சாயக்கழிவு கலந்து கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நிலமிழந்து வழக்காடினர். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேலை இழந்தனர். துணியும் பயிரும் எதிரெதிராக நின்றதால் இரு தரப்பாரும் நொந்தனர். வீட்டுச் சலவை அவ்வளவு பெருங்கேடு செய்வதன்று. எனினும் பாடம் ஒன்றே.

பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று கருதி உடுத்திய ஆடைகளை ஆற்றிலேயே விட்டுச்செல்லும் வழக்கமும் இங்கே குறிப்பிடத்தக்கது. அத்துணிகளை டன் கணக்கில் வாரி அகற்ற வேண்டியதாகிறது. நூற்பவர், நெய்பவர் ஆகியோரின் உழைப்பு சேற்றில் அழுகுவதும், குளிக்க வருவோரின் கால்களில் சுற்றுவதும் எந்தப் புண்ணியத்தையும் சேர்க்காது. அத்துணிகளைத் துவைத்துத் தேவையுள்ளோருக்கு அளிப்பதே அறம்.

ஆற்றில் துவைப்போரை நாம் குறை கூறவில்லை. அவர்களுக்குக் குழாயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆயினும் ஒன்று செய்யலாம். சோப்பிட்டுக் கசக்குவதைக் கரையில் வாளியில் முடித்து, அந்தச் சோப்பு நீரை ஆற்றைவிட்டுத் தள்ளி மண்ணில் ஊற்றி, பிழிந்த துணியை மட்டும் ஆற்றில் அலசினால் ஆற்றில் கலக்கும் சோப்பின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

வீட்டில் அலசிய நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். சோப்பு மிகுந்த முதல் நீரைப் பயிருக்கு நேரே விடுதல் கூடாது. சலவைத்தூளின் சோடியம் உப்பு நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். அந்நீரைக் கல்லும் மணலும் இட்ட சிறு பாத்தியில் விட்டு, அதில் கல்வாழையை நட்டு வைத்தால் அது நீரை ஓரளவு தெளியவைக்கும். ஒரே மரத்துக்கு நாள்தோறும் விடாமல் இடம் மாற்றி விட வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் சலவை நீரை விடலாகாது.

சங்கம் செய்யத்தக்கவை

தனி வீடு செய்வதைவிடச் சங்கம் செய்வது வலிமை மிக்கது. பாஸ்பேட்டு இல்லாத சலவைச் சோப்பைச் சங்க அங்காடியில் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். தறிகள் நெருங்கிய தெருக்களில் பொதுத் துவைகல்லும், நீர் தேங்கும் தொட்டியும், கழிவுநீருக்குக் கல்வாழைப் பாத்தியும் சேர்ந்த சலவைத்துறை ஒன்றை அமைக்கலாம். தனித்தனியே இயந்திரம் வாங்க இயலாதவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். நிறையத் துணியிட்டு ஓட்டும் விதியும் அதனால் தானே நிறைவேறும். கைத்தறித் துணி விற்கும்போது துவைக்கும் முறையை அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றை மடிப்பில் வைத்துக் கொடுப்பது வாடிக்கையாளருக்கும் நெசவாளருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

அங்கத்தினர்கள் வரும் ஒரு மாதத்துக்கு இச்சோதனையைச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம். முதல் வாரம் வழக்கம்போல் துவைத்து, எத்தனை வாளி நீர் என்பதைச் சுவரில் கரிக்கோடிட்டுக் குறியுங்கள். அடுத்த மூன்று வாரங்கள் குழாயை மூடிவிட்டு, வாளியில் அளந்து, பிழிந்தபின் மும்முறை அலசுங்கள். மாத முடிவில் இரு கணக்கையும் ஒப்பிட்டுச் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். பிறர் சொல்லும் அறிவுரையைவிட நம் வீட்டுச் சுவரிலுள்ள கோடு நமக்கு நன்றாக விளங்கும். தலைமாட்டில் வாழும் நாம் ஒரு வாளி நீரைத் தெளிவாக விட்டால், திருவைகுண்டத்துக்கு அப்பால் கடைமடையில் காத்திருக்கும் நம்மவர் அதைத் தெளிவாகப் பெறுவார்கள்.